தப்பை முதலில் எழுதச் சொன்ன மகனுக்கு

தம்பி, உன் பிரியாவிடை மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி உன் மாணவி சிவகாமி வந்து கேட்டுவிட்டுப் போய் ஒன்பது நாளாகிறது. இந்தத் தோட்டத்தில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். துரைக்கு லீவு கேட்டும், சங்கத்துக்கு முறைப்பாடு சொல்லியும், இந்தியாவில் இருக்கிற உறவுகளுக்குச் சாவுச் செய்தி சொல்லியும் எத்தனை எழுதியிருப்பேன்! ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிற ஆள் நான். பெற்ற மகனைப் பற்றி இரண்டு பக்கம் எழுத ஒன்பது நாளாக முழித்துக்கொண்டிருக்கிறேன். "என்னங்க, புள்ளையப் பத்தி எழுத ஒன்னுமே இல்லையா?" என்று உன் அம்மாவே கேட்டுவிட்டாள். இருக்கிறது, நிறைய இருக்கிறது. அதில் ஒன்றைச் சொல்லாமல் மற்றதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அதனால் இதை உனக்குக் கடிதமாகவே எழுதுகிறேன். மலரில் வரட்டும், ஊரே படிக்கட்டும். அச்சுக்குப் போகிறதற்கு முன்னால் உன் கையில் தந்துவிடுவேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் உன்மேல் ஒரு பெட்டிஷன் போனது. அதை வைத்துத்தான் உன்னை இந்தத் தோட்டப் பாடசாலையிலிருந்து தூக்கி லுணுகலைக்கும் அந்தப் பக்கம் போட்டார்கள். பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து எழுதியது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். கையெழுத்துப் போட்டது அவர்கள்தான். எழுதியது நான். ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. வருகிற திங்கட்கிழமை நீ ஹட்டன் பக்கம், ஆசிரியர்களுக்கே சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போகிறாய். தப்பில் தொடங்கிப் பாடம் நடத்துகிற உன் முறையை அங்கே போய்ப் பரப்பப் போகிறாய். அந்த முறையின் கழுத்தைப் பிடித்தவன் யாரென்று தெரியாமல் நீ இங்கிருந்து போகக் கூடாது.

எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் உனக்கு நம் பாடசாலையிலேயே வேலை கிடைத்தபோது நான் தலை கால் தெரியாமல் நடந்தேன். ஒரே நீள மண்டபம், நடுவில் தடுப்பு வைத்த வகுப்புகள், ஆய்வுகூடம் என்று சொல்ல ஒரு அலுமாரி. அதற்குள்ளே வாய் உடைந்த இரண்டு கண்ணாடிக் குவளைகள். அதைப் பார்த்துவிட்டு நீ புலம்புவாய் என்று எதிர்பார்த்தேன். நீ ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி மேசையில் வைத்துவிட்டு, எரிகிறது என்றால் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டாயாம். உள்ளே இருக்கிற ஏதோ ஒன்று வெளியே போகிறது, மிஞ்சுவது சாம்பல் என்று அவர்கள் சொன்னார்களாம். சபாஷ் என்றாயாம். ஐரோப்பாவில் பெரிய பெரிய மேதைகள் எல்லாரும் நூறு வருஷம் போல இதையேதான் நம்பினார்கள், நீங்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றாயாம். அதையே கொப்பியில் அழகாக எழுதவும் வைத்தாய். எரியும் பொருளுக்குள் ஒரு தீச்சத்து இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது, பொருள் இலேசாகிறது. கீழே ஒரு கேள்வி: இதை எப்படிச் சரிபார்ப்போம்?

அன்றைக்கு உன் அம்மா பாத்திரம் தேய்க்கிற இரும்புநாரைக் காணவில்லை என்று நம் வரிசை வீடுகள் இருக்கிற லயம் முழுக்கத் தேடினாள். அது உன் வகுப்பில் ஒரு மரச்சட்டத்தின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறு நுனியில் சமமாக ஒரு கல். நாரைக் கொளுத்தினீர்கள். அது பொறி பறக்க எரிந்தது. இலேசாகி மேலே போகும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, எரிந்த பக்கம் கீழே இறங்கியது. பாரம் கூடிவிட்டது! வெளியே போகவில்லை, வெளியிலிருந்து ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பிரான்சில் ஒருவர் தராசும் கையுமாக இருந்து இதைத்தான் கண்டுபிடித்தார் என்று அதற்குப் பிறகுதான் சொன்னாயாம். அவர் பேர் எனக்கு வாயில் வராது. ஆனால் அன்று அந்தி சாய்வதற்குள் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவரைப் பக்கத்து லயத்துக்காரர் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணிப் பீலியில் குடம் வைக்க வந்த பெண்கள்கூட இரும்புநார் எரிந்தால் பாரம் ஏறுமா, இறங்குமா என்று வாக்குவாதப்பட்டார்கள். நான் ஓரமாக நின்று கேட்டேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புகழ்ந்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று வளர்ந்த ஆள் நான். அது என் முதல் தப்பு.

பிறகு நீ அவர்களை ஸ்டோருக்குக் கூட்டிவந்தாய். வெளியூர்க்காரர்கள் படித்தால் புரியவேண்டுமே, ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பி வைக்கிற அறையில் எனக்கு அப்போதே இருபத்தெட்டு வருஷ வேலை. பச்சையாகப் போட்ட கொழுந்து கண் முன்னாலேயே செம்பு நிறத்துக்கு மாறும். மணத்தை வைத்தே, போதும் அடுப்புக்கு எடு என்று சொல்லுகிற மூக்கு எனக்கு. அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மகன் வாத்தியார், அப்பன் விளக்கம் சொல்கிறான், வேறென்ன வேண்டும்? "இட்லி மாவு புளிக்கிற மாதிரித்தான் புள்ளைங்களா. கண்ணுக்குத் தெரியாத கிருமி உள்ள வேலை செய்யுது" என்றேன். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் எனக்குச் சொன்னது அதுதான்.

நீ இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் உன் குணம். இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறவர் சொல்கிறார், காரணம் இருக்கும், எப்படிச் சரிபார்ப்போம் என்று பிள்ளைகளிடம் கேட்டாய். நம் தோட்டத்து மாரிமுத்துவின் மூத்த மகள் சிவகாமி, அப்போது பதினைந்து வயசு, உடனே கையைத் தூக்கினாள். மாவு புளிக்க ஒரு ராத்திரி வேண்டும், இது ஒன்றரை மணி நேரத்தில் மாறுகிறதே, கிருமிக்கு அவ்வளவு அவசரமா என்றாள். உருட்டின கொழுந்தில் மூன்று பிடி எடுத்தீர்கள். ஒன்றைத் தட்டில் திறந்து வைத்தீர்கள். ஒன்றை ஆவியில் வாட்டி வைத்தீர்கள். மற்றதை ஒரு ஜாம் போத்தலில் போட்டு, அப்பச்சோடாவில் எலுமிச்சம் புளி விட்டுப் பொங்கிவந்த வாயுவை உள்ளே நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடினீர்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தட்டில் இருந்தது செம்பு. போத்தலில் இருந்தது பச்சை. ஆவி காட்டினதும் பச்சை. கிருமி இல்லை, காற்று. காற்றோடு சேர்வதற்கு இலைக்குள்ளேயே ஒரு சத்து இருக்கிறது, ஆவியில் அது செத்துவிடுகிறது. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஸ்டோர் பொறுப்பில் இருந்த டீமேக்கர் ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னய்யா, இருபத்தெட்டு வருஷமா இங்க இட்லியா அவிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

அவ்வளவுதான். ஒரு மாதம் போல ஸ்டோரில் என்னைப் பார்த்தவன் எல்லாம், மாவு புளிச்சிருச்சா என்று கேட்டான். அன்று சாயங்காலம் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெரிய படிப்புப் படித்தவர்களே வெகுகாலம் தேயிலைக்குள் கிருமியைத் தேடினார்கள் அப்பா, அந்த வேலைக்குப் புளிக்கவைப்பது என்கிற பேர் இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறது என்று தன்மையாகத்தான் சொன்னாய். நான் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஸ்டோருக்கு வருகிறதற்கு முன்னால் வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. நானே அந்தப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். ஹட்டனில் உன்னிடம் வருகிற ஆசிரியர்களுக்கு இதையும் சொல்லிக்கொடு. ஒரு மனிதனின் நம்பிக்கையைச் சோதிக்கப் போனால் முதலில் அவனைக் கூட்டாளி ஆக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த மூக்கறுப்பு ஆறாமல் இருந்த சமயத்தில்தான் மாரிமுத்து வந்தான். கூடவே ஏழெட்டுப் பேர். கையில் சிவகாமியின் கொப்பி. மாரிமுத்துவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். ஆனால் தினமும் மகளின் கொப்பியைத் திறந்து பார்ப்பான். தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை விஞ்ஞானம் படிக்கப் பதுளைக்குப் போவதே அப்போது அதிசயம், பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற சாதாரணதரச் சோதனையில் விஞ்ஞானம் தவறினால் கொழுந்துக் கூடையைத்தான் தூக்க வேண்டும். அந்தப் பயம் அவனுக்கு. எரிவதைப் பற்றி எழுதியிருந்த அந்த முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். "பக்கத்துத் தோட்டத்து வாத்தியாருகிட்ட காட்டினேங்க. இது அத்தனையும் பொய்யின்னு எப்பவோ தள்ளிட்டாங்களாம். நம்ம புள்ளைங்களுக்குப் பொய்யை எழுதிக் குடுக்கிறாருங்க. பரீட்சையில இதை எழுதினா என்னங்க ஆகும்?" அடுத்த பக்கத்தைப் புரட்டினால் இரும்புநாரும் தராசும் இருந்தன. அவன் புரட்டவில்லை, அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தம்பி. எல்லாம் தெரியும். அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்ட என் கைக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது. நான் புரட்டவில்லை. பேனாவை எடுத்தேன்.

பாடத்திட்டத்தைப் புறந்தள்ளி, பொய்யென நிராகரிக்கப்பட்ட கருத்துக்களைப் பச்சிளம் மாணவர் மனங்களில் புகட்டி வருகிறார் என்று ஒரு வரி. அதை எழுதிவிட்டு இரண்டு தரம் வாய்விட்டுப் படித்து ரசித்தேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும் என்பதால் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் டைப் அடித்துவந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடையில் இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். நன்றாகவே இறங்கியது. யாராவது ஒரு அதிகாரி வந்து உன்னை நாலு வார்த்தை கேட்பார், பையனுக்குக் கொஞ்சம் அடக்கம் வரும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். வந்தது மாற்றல் கடிதம். நீ அதைப் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லப்பா, அங்கயும் புள்ளைங்கதான இருக்காங்க" என்றாய். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. உன் அம்மா விடவில்லை. ஊருக்கெல்லாம் எழுதுகிறவர் பிள்ளைக்காக ஒரு கடுதாசி எழுதக் கூடாதா என்று அழுதாள். கல்விக் கந்தோர் அதிகாரிகளுக்கு மேன்முறையீடு எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதினதிலேயே மோசமான கடிதம் அது. என் பெட்டிஷனுக்கு என்னாலேயே பதில் எழுத முடியவில்லை. தள்ளிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நீ செய்ததை என்ன சொல்ல? வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு, பசறை வழியாக இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருவாய். ஞாயிற்றுக்கிழமை காலை சிவகாமியின் வகுப்பு மொத்தத்தையும் கூட்டி பிள்ளைக்காம்பராவில் உட்காரவைப்பாய். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அந்த அறை ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். தொட்டில் சீலைகளைச் சுருட்டி விட்டத்தில் போட்டுவிட்டு, கரும்பலகைக்குப் பதிலாகக் கதவில் எழுதினாய். பெட்டிஷனில் கையெழுத்துப் போட்டவர்களின் பிள்ளைகள்தான் அத்தனை பேரும். ஒரு பிள்ளையை நீ முகம் மாறிப் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் கூரை ஒழுகும். வாளியை வைத்துவிட்டு, ஒழுகுகிற கொட்டகைக்குள் ஆளுயர இரும்புக் கம்பியால் மண்ணைக் காய்ச்சிக் கிண்டி இரண்டு புதுத் தனிமங்களைக் கண்டுபிடித்த பெண்ணின் கதையைச் சொன்னாய். எங்கள் பெண்பிள்ளைகள் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஏதோ வேலை இருக்கிற மாதிரி வாசலில் போவதும் வருவதுமாக ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு சீட்டுக்களை வெட்டிக் கொடுத்திருந்தாய். சீட்டுக்கு ஒரு தனிமம், அதன் பாரம், அதன் குணம். பிள்ளைகள் தரையில் பரப்பி வரிசைப்படுத்தினார்கள். ரஷ்யாவில் தாடிக்காரர் ஒருவர் இப்படித்தான் அடுக்கினாராம். குணம் ஒத்துவராத இடங்களில் வலுக்கட்டாயமாக எதையும் நுழைக்காமல் வெற்றிடம் விட்டாராம். இங்கே ஒன்று இருக்க வேண்டும், அதன் பாரம் இவ்வளவு, குணம் இப்படி, இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று எழுதியும் வைத்தாராம். அவர் உயிரோடு இருக்கும்போதே அவற்றில் சிலதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். "தெரிஞ்ச மாதிரி நடிக்கிறது லேசு. எனக்குத் தெரியலன்னு எடத்தை விடுறதுக்குத்தான் தைரியம் வேணும்" என்று பிள்ளைகளிடம் சொன்னாய். எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. மறுநாள் ஸ்டோரில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு ஒரு ஜாம் போத்தலும் அப்பச்சோடாவும் எலுமிச்சம் புளியுமாக நானே செய்து பார்த்தேன். பச்சை. மறுநாளும் பச்சை. மூன்றாம் நாள் அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சிரிக்காதே, நிஜமாகவே அழுதேன். அறுபதை நெருங்குகிற வயதில் முதல்முறையாக ஒரு விஷயத்தை, யாரோ சொன்னார்கள் என்பதற்காக இல்லாமல், நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் நீ இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வாரமும் கொடுத்துக்கொண்டிருந்தாய். அதைத்தான் நான் டைப் அடித்துத் தடுக்கப் பார்த்தேன்.

சிவகாமியின் வகுப்பை நீ கரையேற்றிவிட்டாய். அவளும் இன்னும் மூன்று பேரும் விஞ்ஞானம் படிக்கப் பதுளைக்குப் போனார்கள். ஊர் அதைத்தான் பேசுகிறது, மலரிலும் அதைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். அவர்களுக்கு அடுத்த வகுப்பைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுத வேண்டும். மாற்றல் முடிந்து நீ இங்கே திரும்பி வரும்வரை ஏறக்குறைய இரண்டு வருஷம் அவர்களுக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லை. கையில் வேலையில்லாத யாராவது வந்து புத்தகத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் போனார்கள். சாதாரணதரச் சோதனையில் ஒருவர்கூடச் சித்தியடையவில்லை. அந்த வகுப்பில் மாரிமுத்துவின் இளைய மகளும் இருந்தாள். அக்காவைவிடக் கெட்டிக்காரி என்பார்கள். இப்போது கொழும்பில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். மாரிமுத்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறான். பெட்டிஷனை எழுதிக் கொடுத்தவர் நான்தான் என்று ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை என்றுதான் நம்பியிருந்தேன். அந்த மரியாதையைத் தாங்குவதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

உன் வகுப்புகளையெல்லாம் இனி சிவகாமிதானே எடுக்கப் போகிறாள். மலருக்குக் கேட்க வந்த அன்று, எழுதுகிறேன் போ என்று சும்மா சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவள் போகவில்லை. "அப்பா என்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காரு மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை அவள். "நம்ம விஞ்ஞான சேர் எங்களுக்குத் தப்பைத்தான் மொதல்ல எழுதச் சொல்லுவாரு. நீங்களும் அதையே மொதல்ல எழுதுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ வளர்த்த பிள்ளை வேறு எப்படிப் பேசுவாள்? அந்தத் தைரியம் எனக்கு வர ஒன்பது நாள் பிடித்தது.

உனக்குப் புத்திமதி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் ஒரே ஒரு வேண்டுகோள். ஹட்டனில் உன்னிடம் படிக்கிற ஆசிரியர்களிடம் சொல், தப்பில் தொடங்குகிற பாடத்தைப் பெற்றோரைக் கூப்பிட்டு ஒருநாள் நடத்திக் காட்டச் சொல். எங்களைப் போன்றவர்கள் கொப்பியில் ஒரு பக்கத்தைத்தான் பார்ப்போம். அடுத்த பக்கத்தை யாராவது புரட்டிக் காட்ட வேண்டும். பெட்டிஷன் எழுதுகிறவன் கெட்டவனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, பயந்தவனாக இருப்பான். நான் மட்டும்தான் அன்றைக்குப் பயப்படாமல், தெரிந்தே எழுதினேன்.

நீ செய்ததைவிடப் பெரிய காரியம் எதையும் இந்தத் தோட்டத்தில் நான் பார்த்ததில்லை. பெருமையாக இருக்கிறது. இதை அன்றே, அந்த இரும்புநார் எரிந்த சாயங்காலமே சொல்லியிருந்தால் மற்றது எதுவும் நடந்திருக்காது. வெள்ளிக்கிழமை விழாவில் பெற்றவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்களாம், முன் வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறார்களாம். உன் அம்மா அங்கே உட்காருவாள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. நான் பின்னால், அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்களோடு நிற்பேன். என் பேரை ஒலிபெருக்கியில் வேறு யார் கூப்பிட்டாலும் வர மாட்டேன். இதையெல்லாம் படித்த பிறகும் நீ கூப்பிட்டால், வருவேன்.